ஒரு வருடத்தில் முழு வேதாகமமா, தினம் ஒரு சிறு பகுதியா?

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, சில நாட்களில் நான்கு என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இப்படி வாசிக்கும்போதுதான் தேவனுடைய நீடிய பொறுமை பிடிபடுகிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தை ஒரே வாரத்தில் வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் தேவனைவிட்டு விலகிப்போகிறார்கள், எதிரிகளால் ஒடுக்கப்படுகிறார்கள், அவரை நோக்கிக் கூப்பிடுகிறார்கள். அவர்களை மீட்கக் கர்த்தர் ஒத்னியேலை எழுப்புகிறார், ஏகூதை, பிறகு கிதியோனை. மறுபடியும் விலகுகிறார்கள், அவரோ மறுபடியும் இரங்குகிறார். நெகேமியா 9-ஆம் அதிகாரத்தில் ஆலய ஊழியம் செய்யும் லேவியர் இந்த வரலாறு முழுவதையும் பாவ அறிக்கையாகவே ஜெபிக்கிறார்கள். ஆனால் பலிகளையும் சட்டங்களையும் விவரிக்கும் லேவியராகமத்தை எட்டியதும் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

சிறு பகுதியை மெதுவாக வாசிப்பது வேறு விதத்தில் உள்ளத்தைத் தொடுகிறது. 51-ஆம் சங்கீதம் 19 வசனங்கள்தான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து பாவத்தை உணர்த்திய பிறகு தாவீது ராஜா பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதில் அவன் எந்தச் சாக்கும் சொல்வதில்லை, வேறு யாரையும் காட்டுவதில்லை. பாவத்தை விவரிக்கும் முன்பே, முதல் வசனத்திலேயே, தேவனுடைய கிருபையையும் இரக்கத்தையும் பற்றிக்கொள்கிறான். வேகமாகக் கடப்பவர் கண்ணில் இந்த வரிசை படாமல் போகலாம். எனக்கு அந்தச் சங்கீதத்தில் மிகவும் ஆறுதலானது இதுதான். தேவதயவே நம்மை மனந்திரும்ப ஏவுகிறது என்று பவுல் ரோமர் 2:4-ல் எழுதுவதும் இதையே.

குற்ற உணர்வில் தவிப்பவருக்கு நான் இரண்டாவது முறையையே சொல்வேன். புதிதாகத் தொடங்குபவர் வருடத் திட்டத்தை எடுக்கட்டும்; நாட்கள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.