மண்டபத்து உப்புத் தண்ணீரும் கை லீவர் எஸ்பிரெஸ்ஸோவும்

காபித் தூள் வழியே வெந்நீரை அழுத்திக் கெட்டிக் காபி (எஸ்பிரெஸ்ஸோ) இறக்கும், கையால் அழுத்தும் லீவர் கருவி வாங்கி ஆறு மாதம் ஆகிறது, ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. காரணம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. முன்பிருந்த மின்சார மெஷினின் பாய்லரில் வெள்ளையாகப் படிந்து ஒரே வருடத்தில் அடைத்துக்கொண்டது. இதில் பாய்லரே கிடையாது, கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி லீவரை அழுத்த வேண்டியதுதான், கரண்ட் போனாலும் காபி உண்டு.

ஆனால் பணத்தை முதலில் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் மாவும் குருணையுமாக வரும், தண்ணீர் இடைவெளி கண்ட பக்கம் ஓடிவிடும். கொட்டையை ஒரே அளவாக நொறுக்கும் நல்ல பர் கிரைண்டர் வந்த பிறகுதான் 16 கிராம் தூளுக்குக் கோப்பையில் 32 கிராம் காபி, அது இறங்க 25 முதல் 30 வினாடி என்ற கணக்கு எனக்குப் பிடிபட்டது. சீக்கிரம் வடிந்து புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள், சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் கொஞ்சம் கரகரப்பாக. சிக்கரி கலந்த தூள் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கடல் காற்றில் வறுத்த கொட்டை சீக்கிரம் பதம் போய்விடும், நான் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.

குறை என்றால், கருவியில் தண்ணீர் ஊற்றும் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் சூடாக்க வேண்டும். வீட்டுக்கு நான்கு பேர் வந்துவிட்டால் பித்தளை ஃபில்டரைத்தான் எடுக்கிறேன்.