மஞ்சள் பூத்த ஹெட்லைட்: பேஸ்ட்டில் தொடங்கி டூ கே கிளியர் வரை

என்னுடையது 2010 மாடல் சின்ன கார், 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தாம்பரத்தில் வாடகை வீடு, ஷெட் எல்லாம் கிடையாது, வாசலில் மேற்குப் பார்த்து வெயிலில்தான் நிற்கும். இடது பக்கம் பக்கத்து வீட்டு வேப்பமரத்து நிழல் விழும். வலது பக்கத்துக்கு மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை மொட்டை வெயில். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருஷத்தில் வலது ஹெட்லைட் பழைய செல்லோடேப் நிறத்துக்கு வந்துவிட்டது, இடது லேசாக மங்கியதோடு சரி. ஒரே கார், ஒரே வயசு, ஒரே தூசி. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இது அழுக்கு விவகாரம் இல்லை, வெயில் விவகாரம் என்று. புரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

2018 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து ராத்திரி திரும்பி வருகிறோம், திண்டிவனம் தாண்டி மழை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட அதன் முதுகில் ஏறுகிற தூரத்தில்தான் பார்த்தேன். மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். “பல்பை மாத்திடலாம் சார், 100/90 போட்டா சும்மா பளிச்சுன்னு இருக்கும்” என்றார். போட்டேன். கம்பெனி கொடுப்பது 60/55 வாட்ஸ் (முதல் எண் பிரைட்டுக்கு, இரண்டாவது டிம்முக்கு), இது ஒன்றரை மடங்குக்கும் மேல். ரோட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் டிம் அடிக்கச் சொல்லி லைட்டை அடித்துக் காட்டினார்கள், நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன்! மங்கிய பிளாஸ்டிக் வெளிச்சத்தை நேராக விடாமல் நாலா பக்கமும் சிதறடிக்கிறது, உள்ளே வாட்ஸைக் கூட்டினால் சிதறலும் கூடும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் பல்பின் பின்னால் இருக்கும் கப்ளர் சூட்டில் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. கழற்றிப் பழைய பல்பையே போட்டேன்.

அப்புறம் பேஸ்ட். வீடியோக்களில் எல்லாரும் செய்வதுதான், பல் தேய்க்கும் வெள்ளை பேஸ்ட்டைத் தடவித் துணியால் தேய்ப்பது. பொய் சொல்ல மாட்டேன், பளிச்சென்றுதான் ஆனது. பேஸ்ட்டில் மெல்லிய அரம் போல வேலை செய்யும் பொடி இருக்கிறது, அது மேலாக இருக்கும் மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். ஆனால் ஆறு வாரத்தில் மஞ்சள் திரும்பி வந்தது, திரும்பத் தேய்த்தேன், அடுத்த முறை நாலே வாரத்தில் வந்தது. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துத் துடைத்தும் பார்த்தேன். அதில் எண்ணெய் காயும் வரைக்கும்தான் பளபளப்பு, இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பெட்ரோலில் துடைக்கச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்ரோலும் தின்னரும் பட்டால் இந்த பிளாஸ்டிக் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், அதைத் தேய்த்து எடுக்க வழியில்லை.

சரி, ஏன் திரும்பத் திரும்ப மஞ்சளாகிறது? ஹெட்லைட் முகப்பு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எங்கள் அப்பா காலத்து அம்பாசடரில் வட்டமாக இருந்ததே, அது கண்ணாடி, உடையுமே தவிர மஞ்சளாகாது. பாலிகார்பனேட் லேசில் உடையாது, எந்த வடிவத்துக்கும் வளையும், ஆனால் மென்மையானது, புற ஊதாக் கதிர் பட்டால் கெட்டுப்போகும். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய கெட்டிப் பூச்சு ஒன்று போட்டு அனுப்புகிறார்கள். வெயில் முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான், அதற்கப்புறம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை. உங்கள் காரில் பாருங்கள், ஹெட்லைட்டின் மேல் வளைவு, வானத்தைப் பார்க்கிற பகுதி, அதுதான் முதலில் மஞ்சளாகும், கீழ்ப்பகுதி தெளிவாகவே இருக்கும். பேஸ்ட்டோ பாலிஷோ போட்டுத் தேய்க்கும்போது மஞ்சளோடு சேர்த்து மிச்சமிருக்கும் பூச்சையும் தேய்த்து எடுக்கிறோம், அதற்குப் பதிலாக எதையும் வைப்பதில்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்த மாதிரி. என் நாலு வாரக் கணக்கின் காரணம் அதுதான்.

2019-ல் ஒரு கார் வாஷ் கடையில் 800 ரூபாய் கொடுத்து ஆவி பிடிக்கிற முறையில் செய்தேன். ஒரு சின்ன கப்பில் ஏதோ திரவத்தை ஊற்றிச் சூடாக்கி, மூக்குப் போன்ற குழாய் வழியாக வரும் ஆவியை ஹெட்லைட் மேல் காட்டுவார்கள். மேல்தோல் லேசாக உருகிச் சமமாகி, கண் முன்னாலேயே கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மந்திரம் போல இருக்கும். பையன் முகத்தில் மாஸ்க்கூட இல்லாமல் செய்துகொண்டிருந்தான், நாலடி தள்ளி நின்ற எனக்கே தலை சுற்றியது. பதினோரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல்கள். உருக்கிச் சமமாக்கிய பிளாஸ்டிக்குக்கும் மேலே பாதுகாப்புப் பூச்சு ஒன்றும் இல்லைதானே. இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

2020 ஊரடங்கில் வேறு வேலை இல்லாததால் நானே இறங்கினேன். ஹெட்லைட்டைச் சுற்றி பெயின்ட்டில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், எண் குறையக் குறைய சொரசொரப்பு கூடும்) 1000, 1500, 2000 என்று வாங்கி, ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். இங்கே என் தப்பு, 1000-ல் தொடங்கியது. பழைய பூச்சு முழுசாகப் போகவில்லை. தண்ணீர் பட்டிருக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. துடைத்துக் காயவைத்துப் பார்த்தால் அங்கங்கே தேமல் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. கை வலியில் போதும் என்று விட்டு, பாலிஷ் காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்கி, அதன் மேல் கடையில் கிடைக்கும் சாதாரண கிளியர் ஸ்பிரேயை, அதாவது நிறமில்லாத மேல்பூச்சை, அடித்தேன். அதுவும் மழை வரப்போகிற ஒரு புழுக்கமான சாயங்காலம். காற்றில் இருந்த ஈரத்துக்கு கிளியர் பால் பூத்தது. எட்டு மாதத்தில் வெங்காயச் சருகு போல ஓரத்திலிருந்து உரிந்து வந்தது, நகத்தால் இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே வரும். என் மகளுக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

2022 பிப்ரவரியில் பம்பர் கீறலுக்காக டிங்கரிங் பட்டறைக்குப் போனபோது பெயின்டர் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “பளபளன்னு பாலிஷ் போட்டுட்டு அது மேல கிளியர் அடிச்சா எப்படி சார் பிடிக்கும், வழுக்கிட்டுத்தான் போகும்” என்றார். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான் இந்த ஏழு வருஷத்தில் உருப்படியான பாடம்.

அவர் 600-ல் தொடங்கினார். முதலில் வடியும் தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்தில் மஞ்சளாக வந்தது. “இது பால் மாதிரி வெள்ளையா வர்ற வரைக்கும் விடக் கூடாது.” கால் மணி நேரத்தில் வெள்ளையாக வந்தது. அப்புறம் 800, முதலில் இடவலமாகத் தேய்த்ததை இதில் மேலும் கீழுமாக, அப்போதுதான் முந்தின தாளின் கோடு போய்விட்டதா இல்லையா என்று தெரியும். கடைசியாக 1000, அதோடு நிறுத்திவிட்டார். அந்த நிலையில் ஹெட்லைட் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி போல வெள்ளையாகப் புகைந்து கிடந்தது, முன்பைவிட மோசம். நான் பதறியதைப் பார்த்து ஒரு கை தண்ணீர் தெளித்தார், தெளிந்துவிட்டது. “தண்ணி பட்டா தெளிஞ்சா கிளியர் பட்டாலும் தெளியும்.” நுண்ணிய கோடுகளை கிளியர் நிரப்பிவிடும், அந்தக் கோடுகள்தான் அதற்குப் பிடிமானமும்கூட. கைரேகை படாமல் துடைத்து, டூ கே கிளியரை, அதாவது கெட்டிப்படுத்தும் ஹார்ட்னரைத் தனியாகக் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியரை, ஸ்பிரே கன்னில் இரண்டு கோட் அடித்தார். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடித்தார். இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, அதனால் இதை மட்டும் வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய். ஒரு ராத்திரி பட்டறையிலேயே விட்டு, மறுநாள் எடுத்தேன். ஒரு வாரம் ஷாம்பு வாஷ் கூடாது என்றார்.

இப்போது 2025, மூன்றரை வருஷம் ஆகிறது. மஞ்சள் இல்லை. கல் பட்ட சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க இந்த வருஷம் வண்டியைக் காட்டியபோது ஹெட்லைட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் புதுசு மாதிரி ஆகும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதனை செய்து வெளியிட்டது: மங்கிப்போன ஹெட்லைட் புதியதன் வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம்தான் தருகிறது, தேய்த்துச் சரிசெய்தால் 70 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கிறது, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைப்பது மட்டும் அளவுக்கு மேல்தான் இருக்கிறது. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதேதான். டிராக்டர் இப்போது தூரத்திலேயே தெரிகிறது, ஆனால் மச்சானின் புது கார் பின்னால் வந்தால் என் லைட் எரிகிறதா என்று சந்தேகம் வரும். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளி நிறப் பூச்சுத் தட்டு சூட்டில் மங்கியிருந்தாலோ, உள்பக்கம் ஈரம் இறங்கிப் புகைந்திருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை. லைட்டைப் போட்டு உள்ளே எட்டிப் பாருங்கள், மங்கல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். உள்ளே என்றால் பேசாமல் மாற்றிவிடுவது நல்லது. புதுப்பேட்டையில் என் மாடலுக்குப் பழைய லைட்டும் பார்த்தேன், ஜி.பி. ரோட்டில் புது டூப்ளிகேட்டும் பார்த்தேன். பழையதில் பாதி என்னுடையதைவிட மஞ்சள்.

பராமரிப்பு என்று நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மாதம் ஒரு முறை பாடிக்கு வேக்ஸ் போடும்போது ஹெட்லைட்டுக்கும் ஒரு கை, காய்ந்த துணியால் தூசியோடு துடைப்பதில்லை, வண்டியை இப்போது கிழக்குச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்துகிறேன். டூ கே அடித்த அன்றைக்கே இதை ஆரம்பித்திருக்கலாம், எனக்குத் தோன்றியது போன வருஷம்தான். வலது லைட்டின் மேல் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மங்கல் இப்போது தொடங்கியிருக்கிறது, பழைய இடமேதான். மழைக்காலம் முடியட்டும், தை பிறந்ததும் பெயின்டர் அண்ணனிடம் போக வேண்டும். பழைய கிளியரை 600-லிருந்து மொத்தமாக எடுத்துவிட்டுத்தான் புதுசு அடிக்க முடியும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.