கல்லல் பக்கம் "கண்மாய் ஓரம் 5 ஏக்கர், தோட்டத்துக்கு ஏத்த இடம்"னு யாராச்சும் காட்டுனா கொஞ்சம் நில்லுங்க

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் சுத்துவட்டாரத்துல நிலம் தேடுறவங்க, அதுவும் சென்னை பெங்களூர்ல இருந்துக்கிட்டு ஊர்ப்பக்கம் ஒரு தோட்டம் போட்டு லீவுக்கு வந்து தங்கலாம்னு நினைக்கிறவங்க இதை முழுசா படிச்சிருங்க. எங்கிட்ட 2 லட்சம் அட்வான்ஸ் வாங்கிட்டு இன்னிக்கு வரைக்கும் திருப்பித் தராம இழுத்தடிக்கிறாங்க. போலீஸ்ல மனு குடுத்திருக்கோம், அதனால யார் பேரையும் இங்க போடல. ஆனா ஏமாத்துற விதம் எல்லாருக்கும் தெரியணும், ஏன்னா இதுல ஒரு பத்திரம் கூட போலி கிடையாது.

இடத்தை காட்டுனது நல்ல சித்திரை வெயில்ல. நம்ம பக்கம் எங்க தோண்டுனாலும் செம்மண்ணும் சரளையும்தான், அதுக்கு நடுவுல இந்த இடம் மட்டும் சமதளமா, கறுப்பா வண்டல் மண்ணு, ஒரு பக்கம் வரிசையா பனைமரம், பாத்தா யாருக்கும் ஆசை வரும். புரோக்கர் விடாம பேசிக்கிட்டே வந்தாரு, "அண்ணே உரமே போட வேணாம்ணே, நெல்லு போடுங்க, தென்னை வைங்க, ஒரு சின்ன வீடு கட்டி நாட்டு ஓடு போட்டுட்டா சாயங்காலம் திண்ணைல உக்காந்தா ஏசியே தேவையில்ல, நைட்டு டார்ச்ச எடுத்துக்கிட்டு போனா முயலு, கவுதாரி, உங்க இடத்துல நீங்க அடிக்கிறத யாருண்ணே கேக்கப்போறா"ன்னு.

இந்த கடைசி டயலாக்குக்கு மட்டும் தனியா சொல்லிர்றேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் கவுதாரி எல்லாமே வேட்டையாடக்கூடாத பிராணிகள் அட்டவணைல இருக்கு, பட்டா உங்க பேர்ல இருந்தாலும் வனத்துறை கேஸ் போடுவாங்க, மயில்னா கேக்கவே வேணாம், கடலை போட்டா மொத்தமா மயில்தான் திங்கும், நீங்க கை வைக்க முடியாது. அதே வாயால "பக்கத்துலதான் வேட்டங்குடி சரணாலயம், பறவை கூட்டம் கூட்டமா வரும்"னு வேற சொன்னாரு. அந்த கொள்ளுக்குடிப்பட்டி சனங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி கூட போடாம இருக்காங்க, இவரு அந்தப் பேரைச் சொல்லி வேட்டைக்கு ஆள் பிடிக்கிறாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பேப்பர் எல்லாம் கேட்டோம், கேட்ட அன்னிக்கே குடுத்தாங்க. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு போட்டுப் பாத்தா சுத்தம். தனிப்பட்டா, 2.02.50 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் கரெக்ட். தாய்ப்பத்திரம் ஒரிஜினல். வக்கீலும் ஓகேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவரு பாக்குறது பேப்பரை, அந்த சர்வே நம்பர் தரைல எங்க இருக்குன்னு அவரு வந்து பாக்கப்போறதில்ல. இவங்க பொழப்பே இந்த இடைவெளிலதான் ஓடுது.

அட்வான்ஸ் குடுத்தப்புறம் புரோக்கர் இல்லாம நானும் என் மச்சானும் மட்டும் ஒரு தடவை போனோம். மண்ணைக் கிளறிப் பாத்தா வெடிப்புக்குள்ள பூரா நத்தைக்கூடு, வெள்ளை வெள்ளையா. பனைமரத்துல எல்லாம் இடுப்பு உசரத்துக்கு ஒரே மட்டத்துல சேத்துக் கறை. அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒரு ஆத்தா எங்களைப் பாத்துட்டு, "என்னப்பு, மீன் குத்தகை எடுக்க வந்தீகளா?"ன்னு கேட்டுச்சு. இல்ல ஆத்தா, இடம் வாங்கப் போறோம்னு சொன்னா சிரிக்குது. "இது கம்மா உள்வாய்தான்ப்பு, ஐப்பசி கார்த்திகைல வந்து பாருங்க, மாடு நீந்தும்"னுச்சு. உள்வாய்னா கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற இடம்.

மறு வாரமே ஒரு சர்வேயரை கூட்டிட்டு, எஃப்எம்பி ஸ்கெட்ச்ச (சர்வே நம்பரோட எல்லை, அளவு காட்டுற வரைபடம்) பிரிண்ட் எடுத்துக்கிட்டு போய் அளந்தோம். பத்திரத்துல இருக்கிற சர்வே நம்பர் அந்த வண்டலுக்கு மேக்கால இருக்கிற சரளை மேடு! சீமைக்கருவேல புதருக்குள்ள தலை மட்டும் தெரியுற மாதிரி எல்லைக்கல்லு கிடக்கு. எங்களுக்கு காட்டுன இடம் அ-பதிவேட்டுல (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு வருவாய்த்துறை வச்சிருக்கிற பதிவேடு) அரசு புறம்போக்கு, கண்மாய்னு தெளிவா இருக்கு. அதை யாரும் யாருக்கும் விக்க முடியாது, 2007ல போட்ட ஏரிகள் பாதுகாப்பு சட்டப்படி அதுக்குள்ள எதையாச்சும் கட்டுனா ஆக்கிரமிப்புன்னு இடிச்சிட்டு போயிருவாங்க.

பத்திரத்துல நாலு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதிருக்கிற இடத்துல "கண்மாய் உள்வாய்க்கு மேற்கு"ன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்படின்னா கண்மாய்க்கு மேக்கால இருக்கு நம்ம நிலம்னு அர்த்தம். நின்னு காட்டுனது கண்மாய்க்குள்ள. புரோக்கர் வாசிச்சுக் காட்டும்போது விஸ்தீரணத்தை நிறுத்தி நிதானமா வாசிச்சாரு, நாலு மாலை மந்திரம் மாதிரி ஓட்டிட்டாரு.

அந்த சரளை மேட்டுக்கு பாதையும் கிடையாது. காரை கொண்டுபோய் விட்டது கண்மாய்க் கரை மேல, அதை வண்டிப்பாதைன்னு சொன்னாங்க. இன்னொரு வழி அடுத்தவங்க பட்டா வழியா, அதுக்கு எந்த பத்திரத்துலயும் பாத்தியதை இல்ல.

போய் கேட்டா ஓனர் சொல்றாரு, "நான் என் சர்வே நம்பரைத்தான் விக்கிறேன், நீங்க எங்க நின்னு பாத்தீங்கன்னு எனக்கு எப்படி தெரியும்?" புரோக்கரைக் கேட்டா "நான் சுத்துவட்டாரத்தை காட்டுனேன்ணே"ங்கிறாரு. அக்ரிமெண்ட்ல வாங்குறவர் பின்வாங்குனா அட்வான்ஸ் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கு, அதைத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க. அக்ரிமெண்ட்டை பதிவும் பண்ணல, நாங்க பதிவு பண்ணச் சொன்னப்ப "கிரயமே அடுத்த மாசம்தானே, எதுக்கு வீண் செலவு"ன்னாங்க.

இந்தப் பக்கம் இடம் பாக்குறவங்க எஃப்எம்பியும் அ-பதிவேடும் இ-சர்வீசஸ் சைட்லயே பாத்துக்கலாம். உங்க நம்பரை மட்டும் பாக்காதீங்க, சுத்தி இருக்கிற நம்பர் எல்லாத்தையும் பாருங்க. அட்வான்ஸுக்கு முன்னாடி உங்க சர்வேயரை வச்சு அளக்கச் சொல்லுங்க, அவங்க கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம். முடிஞ்சா ஒருக்கா மழைக்காலத்துல போய்ப் பாருங்க.

போன வாரம் அதே பனைமரம் தெரியுற மாதிரி போட்டோ போட்டு மறுபடி விளம்பரம் வந்திருக்கு, விலையும் ஏத்திட்டாங்க. அந்த இடத்தை பேசிக்கிட்டு இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா மெசேஜ் பண்ணுங்க, சர்வேயர் அளந்த ஸ்கெட்ச் எங்கிட்ட இருக்கு, அனுப்புறேன்.