திருநெல்வேலிப் பக்கம் ஒரு புரோகிராமிங் கிளாஸ்: முதல் நாள் முழுக்க ஸ்வாப் மட்டும்தான்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில இருந்து சைக்கிள்ல அஞ்சு நிமிசம், ஒரு வீட்டு மேல்மாடியில சனிக்கிழமை பின்னேரம் நடக்கிற கிளாஸ் இது. தம்பி ஏஎல் (உயர்தரம்) ஐசிடி, அதாவது கொம்பியூட்டர் பாடம், செய்யிறான், அவனைச் சேர்க்கத்தான் போனன், பேந்து நானும் சேர்ந்திட்டன், இப்ப மூண்டு மாசம். முதல் போன ரியூசன்ல கோட் எல்லாத்தையும் போர்ட்ல எழுதிவிடுவினம், நாங்கள் கொப்பியில பாத்து எழுதிறது, அவ்வளவுதான். அதால இதைப் பற்றி வடிவா எழுதோணும் எண்டு நினைச்சன்.

முதல் நாள் ரெண்டு மணித்தியாலமும் ஒரே விசயம், ஸ்வாப், அதாவது ரெண்டு வேரியபிள்ல (பெறுமதி போட்டு வைக்கிற, பெயர் வைச்ச இடம்) இருக்கிற பெறுமதியை ஒண்டுக்கொண்டு மாத்திறது. எல்லாரும் இதுக்கு டம்ளர் கதைதான் சொல்லுவினம், ஒண்டில தேத்தண்ணி, மற்றதில பால், மாத்திறதுக்கு ஒரு வெறும் டம்ளர். சேர் அதைச் சொல்லேல்லை. ரெண்டு சிலேட்டு எடுத்து ஒண்டில 7, மற்றதில 12 எழுதினார், முதலாவது ஏ, மற்றது பி. "ஏ = பி எண்டா ஊத்திறது இல்லை பிள்ளையள், பாத்து எழுதிறது" எண்டு சொல்லி 7ஐ அழிச்சிட்டு 12 எழுதினார், இப்ப ரெண்டிலயும் 12, 7 எங்க எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அப்பத்தான் எனக்கு விளங்கினது, டம்ளர்ல ஊத்தினா முதல் டம்ளர் வெறுமையாகும், வேரியபிள்ல அப்பிடி இல்லை, எடுத்த இடத்தில அது அப்பிடியே இருக்கும், போற இடத்தில இருந்ததுதான் அழியும், அதைக் காப்பாத்தத்தான் மூண்டாவது சிலேட்டு, அதுதான் ரெம்ப், தற்காலிகமா வைக்கிற வேரியபிள்.

பேந்து பைதன் எண்ட புரோகிராமிங் மொழி. ஏ, பி = பி, ஏ எண்டு ஒரே வரி, ரெம்ப் எழுதத் தேவையில்லை. ஏன் எண்டு கேட்டதுக்கு, சமனுக்கு வலப்பக்கத்தில இருக்கிற ரெண்டையும் பைதன் முதல்ல வாசிச்சு எடுத்து வைச்சிட்டுத்தான் இடப்பக்கத்தில எழுதத் தொடங்கும் எண்டு சொன்னவர். பைதன் 1991ல வந்தது, ஜாவாஸ்கிரிப்ட் எண்ட மற்ற மொழிக்கு இதே வசதி சதுர அடைப்புப் போட்டு 2015லதான் வந்ததாம். அதில தம்பி மாட்டினான். முதல் வரி முடிவில அரைப்புள்ளி போடாமல் விட்டிட்டான், அடுத்த வரி சதுர அடைப்பில தொடங்கினதால ரெண்டையும் ஒரே வரியா எடுத்து பிழை எண்டு வந்திட்டுது. சேர் உடன திருத்திக் குடுக்கேல்லை, நீயே கண்டுபிடி எண்டு விட்டிட்டார், பத்து நிமிசம் போனது, ஆனா இனி அவன் சாகும்வரைக்கும் மறக்கமாட்டான்.

எனக்குச் சரியா பிடிச்சது சி மொழிப் பகுதிதான். மாத்திற ஃபங்ஷன் (பெயர் வைச்சுத் தனியா எழுதிற கோட் துண்டு) ஒண்டு எழுதி ஓட்டினா, உள்ளுக்க மாறுது, வெளியில வந்தா பழைய மாதிரியே இருக்கு. சேர் சொன்ன விளக்கம் இதுதான், அடையாள அட்டையின்ர போட்டோகொப்பியை நீங்கள் ஒருத்தரிட்ட குடுத்தா அவர் அதில என்ன கிறுக்கினாலும் உங்கட கையில இருக்கிற அட்டை மாறாது. சி கொப்பியைத்தான் குடுக்கும், உண்மையா மாறவேணும் எண்டா பொருள் இருக்கிற விலாசத்தைக் குடுக்கோணும், அதுதான் பொயின்ரர். தம்பி ஓஎல்ல (சாதாரண தரத்தில) பாஸ்கல் எண்ட மொழி படிச்சவன், அதில வார் எண்ட சொல்லை முன்னுக்குப் போட்டா மாறுமே எண்டு கேட்டான், ஓம் அதுவும் இந்த வேலைதான் எண்டு சேருக்குச் சரியான சந்தோசம். ஜாவா மொழியில பொயின்ரரும் இல்லை, எப்பவும் கொப்பிதான், அதால ரெண்டு இன்ட்டை (முழு எண்ணை) மாத்திற ஃபங்ஷன் எழுதவே ஏலாது எண்டதையும் சொன்னவர்.

குறை எண்டா, ரெம்ப் இல்லாமல் கூட்டிக் கழிச்சு மாத்திறதையும் எக்ஸோர் (ரெண்டு எண்ணின்ர பிட்டுகளை ஒப்பிடுற ஒரு செய்கை) போட்டு மாத்திறதையும் கடைசி அஞ்சு நிமிசத்தில ஓட்டினார். கூட்டிறதில பெரிய எண் வந்தா கொள்ளளவு தாண்டும், எக்ஸோர்ல ரெண்டு பக்கமும் ஒரே இடமா இருந்தா பூச்சியமாப் போயிடும், உதுகளை நான் அடுத்த கிழமை திருப்பிக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டன். மற்றது மேல்மாடி சரியான வெக்கை, பன்னிரண்டு பேருக்கு ஆறு கொம்பியூட்டர், ஒண்டுக்கு ரெண்டு பேர் இருக்கோணும். சில அம்மாமார் முதல் நாளே ஒண்டும் படிப்பிக்கேல்லை எண்டு பிள்ளையளை நிப்பாட்டிப்போட்டினம், எனக்குக் கவலையா இருந்தது, ஏனெண்டா பபிள் சோர்ட் (பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்திற முறை) வந்த நாள் எங்கட பெடியள் ஒருத்தரும் முழிக்கேல்லை, அதில திருப்பித் திருப்பி நடக்கிறது இந்த மாத்திறதுதானே.

மாசம் 3000 ரூபா. போறதெண்டா மூண்டரைக்கு முன்னம் போங்கோ, ஃபானுக்குக் கீழ உள்ள கொம்பியூட்டர் கிடைக்கும்.