ஹென்லேயின் கடினநிலை எண்: ரொமாண்டிக் பியானோவுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

1948இல் தொடங்கிய ஜெர்மன் இசைப் பதிப்பகமான ஹென்லே, தான் வெளியிடும் பியானோ படைப்புகளுக்கு 1 முதல் 9 வரை கடினநிலை எண் தருகிறது. 1–3 எளிது, 4–6 நடுத்தரம், 7–9 கடினம். இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தரம் பிரித்தவர் பியானோ கலைஞர் ரோல்ஃப் கோனென். வேகமான நோட்டுகளை மட்டும் கணக்கில் எடுக்காமல் தாளச் சிக்கல், முதல் முறை பார்த்து வாசிக்கும் சிரமம், படைப்பின் கட்டமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

வரிசையைக் குறை சொல்ல முடியாது. கிரீகின் ஓபஸ் 12 (ஓபஸ் என்பது இசையமைப்பாளரின் படைப்பு வரிசை எண்) லிரிக் பீஸ் எனும் சிறு படைப்புகளில் நான்காவதுக்கு 4, ஷூமானின் ஓபஸ் 12 முதல் படைப்புக்கு 5, ஷோபானின் ஓபஸ் 27 நாக்டர்ன்கள் (இரவின் மனநிலையில் அமைந்த மெல்லிய படைப்புகள்) இரண்டுக்கும் 6, ஷூமானின் டொக்காட்டாவுக்கு (விரல் திறமையைக் காட்டும் வேகமான படைப்பு) 9. ஆனால் கஷ்டம் எந்தக் கையில், எந்த வகையில் என்பதை எண் சொல்லாது. ரொமாண்டிக் இசைக்கு, அதாவது இவர்களின் 19ஆம் நூற்றாண்டுப் பாணிக்கு, அதுதான் முக்கியம்.

ஷூமானின் அந்த 5ஆம் நிலைப் படைப்பில் விரலுக்குப் பெரிய வேலையில்லை. 2/8 தாளம், திஸ்ர நடை. மெட்டு ஒன்று விட்டு ஒரு நோட்டில் விழுவதால் காதுக்கு 3/8 போலக் கேட்கும். மெட்டை அழுத்தி வாசித்தால் 2/8 காணாமல் போகும். முதலில் பாஸை (கீழ் ஸ்தாயி நோட்டுகளை) மட்டும் இரண்டாக எண்ணி வாசித்துவிட்டு மெட்டைச் சேர்ப்பது நல்லது.

ஓபஸ் 27இன் இரண்டாவது நாக்டர்னில் சிக்கல் இடது கையில். ஆறாறு நோட்டுகளாக ஓர் ஆக்டேவை (ஸ-விலிருந்து மேல் ஸ வரையான தூரத்தை) தாண்டி விரிகிறது. கையை விரித்தபடியே வைத்திருந்தால் மணிக்கட்டு இறுகி ஒலி கரடுமுரடாகிவிடும். பாஸைப் பெடலில் பிடித்துவிட்டு, கட்டைவிரல் போகும் பக்கம் மணிக்கட்டையும் நகர்த்த வேண்டும். அதற்கு மேல் வலது கையில் மூன்றாம், ஆறாம் இடைவெளியில் ஒரே நேரத்தில் அழுத்தும் இரட்டை நோட்டுகள். சிறிய கைக்காரர்களுக்கு இந்த 6 உண்மையில் 7தான்.

ஷோபானின் ஃபாண்டசி இம்ப்ராம்ப்டூவில் மிரட்டும் 4-க்கு-3 தாளம் (இடது கை மூன்று நோட்டு வாசிக்கும் நேரத்தில் வலது கை நான்கு) கணக்கு புரிந்ததும் வசப்படும்: சேர்ந்து, வலது, இடது, வலது, இடது, வலது. டொக்காட்டா அப்படியல்ல. ஓயாத இரட்டை நோட்டுகளில் முன்கை இறுகும். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்தி, சில பார்களாக (தாளச் சுற்றுகளாக)ப் பிரித்துத்தான் பயில வேண்டும்.

தொகுப்பு வாங்கும்போது முழுத் தொகுப்புக்குரிய பொது எண்ணை விட்டு, தனித்தனிப் படைப்புக்குரிய எண்ணைப் பாருங்கள். பிறகு இடது கை எவ்வளவு விரிகிறது என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.