செஞ்சிக் கோட்டைக்கு வேன் பேக்கேஜா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

புதுச்சேரியில் "செஞ்சி – திருவண்ணாமலை ஒரே நாளில்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததையும் நோட்டீஸில் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது.

காலை 7 மணிக்கு என்று சொன்ன வேன் ஒன்பதரைக்கு வந்தது. வழியில் டிபன், தெரிந்த கடையில் "பத்து நிமிஷம்", பிறகு நேரே திருவண்ணாமலை. இதைத்தான் கவனிக்க வேண்டும். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டையின் குன்றுகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில்தான் போகிறது. காலையிலேயே கோட்டையைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பும்போது 3 மணிக்குக் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும்? ராஜகிரியில் பிற்பகல் 3 மணியை ஒட்டி மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்தக் குடும்பத்தினரும் அடிவாரத்தில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் வேனில் ஏறினார்கள். கேட்டதற்கு வேன்காரரிடமிருந்து வந்த பதில்: "மேல ஒண்ணும் இல்ல சார், குரங்குதான்."

அது பச்சைப் பொய். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின் மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக் கோட்டைக்குள் யாரும் நுழைய முடியாது. சிவாஜியின் மகனான மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே இருந்தபோது 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம். இதையெல்லாம் பார்க்காமல் செஞ்சியைப் பார்த்ததாகச் சொல்லவே முடியாது.

டிக்கெட்டிலும் கை வைத்தார்கள். தலைக்கு 100 ரூபாய், பிள்ளைகளுக்கும் சேர்த்து. தொல்லியல் துறை இந்தியர்களுக்கு வாங்குவது 25 ரூபாய். ஆன்லைனில் இன்னும் குறைவு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரிக்கும் (ஊரில் ராணி கோட்டை என்பார்கள்) அன்றைக்கு அதே டிக்கெட்தான். "அதுக்குத் தனி" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் வாங்குங்கள், கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

வாசலில் ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டிகளிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேளுங்கள். கோட்டை முழுவதும் ராஜா தேசிங்கு கட்டியது என்று ஆரம்பித்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். தேசிங்கு 1714இல் போரில் இறந்தவர், ஓராண்டுகூட ஆளவில்லை. விஜயநகர நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர் என்று பலர் கைபட்ட சுவர்கள் இவை.

வேன் பேசும்போது மூன்றை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: முதலில் செஞ்சி, காலை 9 மணிக்குள் வாசலில், ராஜகிரி ஏறி இறங்க குறைந்தது மூன்றரை மணி நேரம். இதற்கு மழுப்பினால் அந்த வண்டியே வேண்டாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்து நிறைய இருக்கிறது. செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோவில் ஏறுமுன் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே கடை கிடையாது. பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தாலே குரங்கு பிடுங்கும். பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் அவர்களுக்குக் கல்யாண மகால் நிழலே போதும், வற்புறுத்தி ஏற்ற வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். நோட்டீஸில் "ராஜகிரி" என்று அச்சாகியிருந்தால் அதைக் கட்டாயம் இணையுங்கள்.