வில்லனாக விளையாட எந்த கேம்?

பல ஆர்பிஜிகளில் (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதையை நடத்தும் கேம்கள்) கெட்டவனாக விளையாடுவது என்றால், உதவிக்கு வந்தவனிடம் காசு பிடுங்குவதும் நன்றி சொன்னவனிடம் எரிந்து விழுவதும்தான். அது வில்லத்தனம் இல்லை, வெறும் முசுட்டுத்தனம். நம் முடிவுகளே ஒரு வில்லனின் கதையாக வளரும் கேம்கள் கொஞ்சம்தான். அவற்றில் நான்கைப் பார்க்கலாம். திருப்பங்களை உடைக்காமல் இதைப் பேச முடியாது, விளையாடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

2003இல் வந்த ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக் பழைய பாணி. ஒவ்வொரு செயலுக்கும் ஒளிப் பக்கம், இருள் பக்கம் என்று புள்ளி விழும். இருள் ஏற ஏற நம் பாத்திரத்தின் முகம் வெளிறிப்போகும். புள்ளி கண்ணில் பட்டதும் நாம் யோசிப்பதை விட்டுவிட்டு வசூலில் இறங்கிவிடுகிறோம், அதுதான் கோளாறு. ஆனால் நினைவு அழிக்கப்பட்ட பழைய சித் (இருள் பக்கத்தைப் பின்பற்றும் கூட்டம்) தலைவர் ரேவன் நாம்தான் என்று தெரிந்த பிறகு, இருளுக்குப் போவது சொந்த வீட்டுக்குத் திரும்புவது மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு காட்சி: நமக்கு உயிர்க்கடன் பட்ட ஸால்பாரை ஏவி, அவனுடைய தோழி மிஷனையே கொல்ல வைக்கலாம். புள்ளியெல்லாம் அங்கே யாருக்கு ஞாபகம் வரும்?

பால்டர்ஸ் கேட் 3 (2023) கெட்டவழிக்கு ஆளையே பிடுங்கிக்கொள்கிறது. அகதிகள் ஒளிந்திருக்கும் தோப்பைத் தாக்கினால், வில், கார்லாக் என்ற இரு கூட்டாளிகள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள். அங்கே தஞ்சம் புகுந்த டீஃப்லிங்குகள் (கொம்புள்ள ஓர் இனம்) செத்தால், பிந்தைய பகுதிகளில் வரவேண்டிய அவர்கள் கதைகளும் சாகும். செய்த பாவத்துக்கு விலை, நியாயம்தான். ஆனால் கைக்கு வருவது பாதி காலியான கேம். 2024 செப்டம்பரில் வந்த ஏழாவது பேட்ச் (கேமுக்கான அப்டேட்) தீய முடிவுகளுக்குப் புதிய காட்சிகள் சேர்த்தது; நடுவில் இருக்கும் வெறுமை அதனால் நிரம்பவில்லை. நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய, கொலைவெறி உள்ளே குடிகொண்ட டார்க் அர்ஜ் பாத்திரம் வேறு ரகம். பாடகி ஆல்ஃபிராவை இரவில் கொன்றுவிட்டு விழிக்கிறோம், நம்மை யாரும் கேட்கவே இல்லை. வெறிக்கு இணங்கிப் போவதைவிட அதோடு மல்லுக்கட்டும்போதுதான் அந்தக் கதை பிரமாதம். வில்லனுக்கென்றே செதுக்கிய பாத்திரம், நல்லவனாக ஆடினால்தான் ருசிக்கிறது!

என் ஓட்டு டிரனிக்கு (2016). இதில் போர் முடிந்துவிட்டது, கொடுங்கோலன் கைரோஸ் ஜெயித்தாகிவிட்டது, நாம் அந்த ஆட்சியின் நீதி அதிகாரி. நல்லது கெட்டது என்ற அளவுகோலே கிடையாது. ஒவ்வொரு தரப்புக்கும் நம்மேல் உள்ள அபிமானமும் ஆத்திரமும் தனித்தனிக் கணக்கு. ஒன்று மற்றதைக் கழிக்காது. கூட வருபவர்களிடமும் விசுவாசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆரம்பத்திலேயே ஒரு சாசனத்தை நம் வாயால் வாசிக்க வேண்டும்: குறித்த நாளுக்குள் கோட்டை கைரோஸின் படையிடம் வராவிட்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லோரும் சாவார்கள், நாமும் சேர்த்து. அந்த நிமிடத்திலிருந்து கிளர்ச்சிக்காரர்களைச் சீக்கிரம் கொன்று முடிப்பதே கருணை போலத் தோன்றும். 'வேறு வழியில்லை' என்று நம் வில்லன் சொல்லிக்கொள்வான், நமக்கும் அது சரியென்றே படும். கைதிகளிடம் 'சேர், இல்லையேல் சாவு' என்று கேட்கும் கூட்டமா, கட்டுக்கோப்போடு இருந்தாலும் வெளியாட்களை இழிவாகப் பார்க்கும் படையா என்று கூட்டாளியைத் தேர்வதும் இதே கணக்குதான். முடிவு மட்டும் சட்டென்று வந்துவிடுகிறது, அது குறை.

அண்டர்டேல் (2015) நேர் எதிர்த்திசை. 'இது தீயது' என்று எந்தத் தேர்வும் சொல்லாது. சண்டையில் அடிக்கலாம், விட்டுவிடலாம், அவ்வளவே. கொடூர வழிக்கு ஒவ்வொரு பகுதியிலும் உள்ள அத்தனை பேரையும் தேடித்தேடிக் கொல்ல வேண்டும். சும்மா நடந்து நடந்து காத்திருப்பதுதான் பாதி நேரம். அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைத்தது. கடைசிவரை போய்விட்டால், பிறகு முதலிலிருந்து தொடங்கி யாரையும் கொல்லாமல் முடித்தாலும் இறுதிக் காட்சியில் கறை தெரியும். முன்பு சேமித்த இடத்துக்கு (சேவ்) ஓடித் தப்பிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைத்தான் ஆட வேண்டும். நான் பாதியில் விட்டேன், இன்னும் தொடவில்லை.